மலாக்காக் குன்றில் ஒரு நாள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்து வீடுகளில் ஒரு கேள்வி பிறந்துவிடும். "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோர் கையில் உள்ள வெள்ளியை எண்ணிப் பார்ப்பார்கள். பத்துமலைக்குப் போகலாம் என்பார் ஒருவர். ஜொகூர் பாருவில் உறவினர் வீட்டுக்குப் போய் வரலாம் என்பார் மற்றொருவர். அந்த நேரத்தில், "அரும்பொருளகத்துக்குப் போகலாமே" என்று யாராவது சொன்னால் வீடே சிரித்துவிடும். "மியூசியமா? பழைய சாமான்களைப் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் போக வேண்டும்? அதெல்லாம் படித்தவர்களுக்கு" என்று பேச்சு முடிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கை வீட்டிலும் இப்படித்தான் பேச்சு தொடங்கியது. தமக்கை குடும்பம் ஜொகூர் மாநிலத்தில் சிகாமட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தது. நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். "பிள்ளைகளை மலாக்காவுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே குன்றின் மேல் ஒரு பழைய மாதா கோயில் இருக்கிறது. அதுவே ஒரு திறந்தவெளி அரும்பொருளகம்" என்றேன். அக்காளின் மாமியார், அவரை நான் அத்தை என்று அழைப்பேன், வெற்றிலையை மடித்தபடி, "மாதா கோயிலுக்கு நாம போகலாமா தம்பி? சாமி குத்தமாயிடாதா?" என்று கேட்டார்.

அடுத்த வீட்டில் இருந்தது ஒரு கிறிஸ்துவக் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக் கொண்டிருந்தார். "ஏன் அத்தை, வருசா வருசம் கிறிஸ்துமஸ் பலகாரம் எங்க வீட்டிலேதானே சாப்பிடுறீங்க? அப்போ சாமி கோவிச்சுக்கிட்டாரா? தீமிதிக்கு நாங்க வந்து தண்ணிப் பந்தலிலே நிக்கலையா?" என்றார். அத்தை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே பயணம் முடிவாயிற்று. இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டோம். செலவு பாதிப் பாதி.

காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். புளிச்சோறு, அவித்த முட்டை, நெத்திலி சம்பல், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கையோடு வந்தன. ஜெமந்தா தாண்டி, தங்காக் வந்ததும் லெடாங் மலை நன்றாகத் தெரிந்தது. வழியில் பிள்ளைகளுக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். "அங்கே போனதும் பார்க்கும் ஒவ்வொரு பொருளிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை யார் செய்தது? எதற்காகச் செய்தது? இதற்காக உழைத்த கை யாருடையது?" என்றேன். பெரியவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். சின்னவள், "மூணாவது கேள்வி ஏன் மாமா?" என்றாள். "போனதும் தெரியும்" என்றேன்.

மலாக்காவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலாய்ச் சுல்தான்கள் ஆண்ட பெரிய வாணிபத் துறைமுகம் அது. தமிழ் நாட்டுக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன. 1511ஆம் ஆண்டு அல்போன்சோ டி அல்புகர்க் என்ற போர்த்துக்கீசியத் தளபதி படையோடு வந்து அந்நகரைப் பிடித்தார். சுல்தான் மாமூட் ஷா நகரை விட்டு வெளியேறினார். அவருடைய மகன் பிறகு நிறுவியதுதான் நம்முடைய ஜொகூர் அரசு. ஆகவே ஜொகூரில் வாழும் நமக்கு மலாக்கா அயலூர் அல்ல. நம் மாநிலத்து வரலாற்றின் முதல் பக்கம் அங்கேதான் இருக்கிறது.

போர்த்துக்கீசியர் குன்றைச் சுற்றி ஒரு கோட்டை கட்டினார்கள். அதற்கு வேண்டிய கற்களைப் பள்ளிவாசலிலிருந்தும் அரச கல்லறைகளிலிருந்தும் பெயர்த்து எடுத்தார்கள். 1521ஆம் ஆண்டு துவார்த்தே கொயெல்யோ என்ற போர்த்துக்கீசியர் குன்றின் உச்சியில் மரியன்னையின் பெயரால் ஒரு சிறு கோயிலை எழுப்பினார். இன்று செயிண்ட் பால் கோயில் என்று சொல்லப்படுவது அதுதான். 1548இல் அது இயேசு சபைத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். பள்ளிக்கூடமும் நடத்தினார்கள்.

நாங்கள் முதலில் கோட்டை வாசலில் இறங்கினோம். கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் முழுமையாகக் காணக்கூடியது அந்த ஒரு வாசல்தான். சந்தியாகு வாசல் என்பது அதன் பெயர். அதன் நெற்றியில் 1670 என்ற ஆண்டு செதுக்கப்பட்டிருக்கிறது. பெரியவன் உடனே கேட்டான். "மாமா, 1511 என்று சொன்னீர்கள். இங்கே 1670 என்று போட்டிருக்கிறதே?"

நல்ல கேள்வி. அரும்பொருளகத்துக்குப் போவதே இப்படிப்பட்ட கேள்விக்காகத்தான். 1641ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் ஜொகூர்ப் படையின் உதவியோடு மலாக்காவைப் பிடித்தார்கள். இடிந்த கோட்டையைச் செப்பனிட்டுத் தங்கள் கம்பெனியின் சின்னத்தையும் ஆண்டையும் வாசலில் பதித்தார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர் 1807இல் கோட்டையை இடிக்கத் தொடங்கினார்கள். ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் தலையிட்டதால் இந்த வாசல் தப்பியது. ஒருவர் கட்டியதில் அடுத்தவர் தம் பெயரை எழுதுகிறார். மூன்றாமவர் அதை இடிக்கிறார். ஒரே கல்லில் மூன்று அரசுகளின் கதை இருக்கிறது. பாடப் புத்தகத்தில் மூன்று பக்கம் படித்தும் மனத்தில் நிற்காதது, அந்த வாசலின் கீழே ஐந்து நிமிடம் நின்றதில் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

வாசலின் பின்புறம் படிகள் மேலே போகின்றன. அத்தைக்கு முழங்கால் வலி. அடுத்த வீட்டு அம்மாள் கையைப் பிடித்துக்கொள்ள, நின்று நின்று ஏறினார். உச்சிக்குப் போனதும் கூரை இல்லாத ஒரு கோயில். நான்கு சுவர்களும் செம்புறைக் கல். மேலே வானம். முன்னால் நின்றால் மலாக்கா நீரிணை தெரிகிறது. கோயிலுக்கு முன்னே வெள்ளைச் சிலை ஒன்று. புனித பிரான்சிஸ் சவேரியாரின் சிலை. அதற்கு வலது கை இல்லை.

"கை எங்கே மாமா?" என்று சின்னவள் கேட்டாள்.

சவேரியார் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஸ்பெயின் நாட்டின் வடக்கே உள்ள நவாரில் 1506இல் பிறந்தவர். 1542இல் கோவாவுக்கு வந்தார். அந்த ஆண்டே தமிழ் நாட்டின் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். தூத்துக்குடி, மணப்பாடு முதலிய ஊர்களில் முத்துக் குளிக்கும் பரதவ மக்கள் நடுவே வாழ்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழில் பெயர்த்து, தாமே மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். மணியோசை கேட்டுப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுப்பார். இதை அவரே தம் கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார்.

இதைச் சொன்னதும் அத்தை, "நம்ம பெரட்டு மணி மாதிரியா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். பெரட்டு மணி வேலைக்குக் கூப்பிட்டது. இந்த மணி பாடத்துக்குக் கூப்பிட்டது.

1545இல் சவேரியார் மலாக்காவுக்கு வந்தார். பிறகும் பலமுறை வந்து போனார். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் காலமானார். மறு ஆண்டு மார்ச்சு மாதம் அவர் உடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, இந்தக் குன்றுக் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. சுமார் ஒன்பது மாதம் இங்கே இருந்தது. அதன் பிறகு கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குழி இன்றும் கோயிலுக்குள்ளே திறந்தபடி இருக்கிறது. கம்பி வலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்போது கைக்கு வருவோம். 1614ஆம் ஆண்டு சவேரியாரின் வலது முன்கை உடலிலிருந்து எடுக்கப்பட்டு, திருப்பண்டமாக ரோம் நகருக்கு அனுப்பப்பட்டது. இது ஒரு செய்தி. அவர் மறைந்து 400 ஆண்டு ஆனதையொட்டி இந்தச் சிலை 1952இல் நிறுவப்பட்டது. நிறுவியவுடனே மரம் ஒன்று சாய்ந்து சிலையின் வலது கை முறிந்தது என்கிறார்கள். இது இன்னொரு செய்தி. இரண்டையும் இணைத்துப் பார்த்து வியப்பது மக்கள் மனம். பிள்ளைகளிடம் நான் இப்படிப் பிரித்துத்தான் சொன்னேன். எது நடந்தது, எது மக்கள் நம்புவது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் போதும். நம்பிக்கையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அடுத்த வீட்டு அம்மாள் அந்தக் குழிக்கு முன்னால் முக்காடிட்டு நின்று செபம் செய்தார். அத்தையும் பக்கத்தில் கை கூப்பி நின்றார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நேயர்களே, இங்கே தமிழர்களாகிய நமக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. சவேரியாரைப் பின்பற்றி முத்துக்குளித்துறைக்கு வந்தவர் ஹென்றிக்கஸ் அடிகளார். இவர் தமிழை முறையாகக் கற்றார். தமிழுக்கு இலக்கணக் குறிப்பும் எழுதினார். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் இவர் அச்சிட்ட நூல் 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கம். இந்திய மொழிகளின் எழுத்தில் இந்திய மண்ணில் முதன்முதலாக அச்சேறிய நூல் அதுதான். அதற்கு முன் 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் நூல் அச்சானது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில்தான் அச்சிட்டிருந்தார்கள். தமிழை ஓலையிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்த முயற்சியில் இந்தத் துறவிகளுக்கும், அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த பெயர் தெரியாத நம் மக்களுக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் கையில் வைத்துப் படிக்கும் பாடநூலின் மூதாதை அந்தப் பதினாறு பக்க நூல்.

போர்த்துக்கீசியர் வாளோடும் வந்தார்கள். அதையும் மறைக்கக் கூடாது. இடித்த பள்ளிவாசலின் கல்லில் கோட்டை கட்டியவர்களும் அவர்கள்தான். நல்லதையும் கெட்டதையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டினால்தான் பிள்ளைகள் வரலாற்றைக் கற்பார்கள். ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் வெறுப்பைக் கற்பார்கள், அல்லது வெறும் புகழ்ச்சியைக் கற்பார்கள். இரண்டும் பயன்படாது.

டச்சுக்காரர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த கிறிஸ்துவர்கள். அவர்கள் குன்றுக் கோயிலைத் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு மலாக்காவைப் பிடித்து நூறு ஆண்டு ஆனதை நினைவுகூர 1741இல் அடிவாரத்தில் புதிய கோயில் ஒன்றைக் கட்டத் தொடங்கி, 1753இல் முடித்தார்கள். அதுதான் கிறைஸ்ட் சர்ச் என்னும் சிவப்புக் கோயில். அதன் பின் குன்றின் மேலிருந்த கோயிலில் வழிபாடு நின்றது. பிணங்களை அடக்கம் செய்யும் இடமாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் வெடிமருந்து வைக்கும் கிடங்காகவும் இருந்தது.

ஆகவேதான் அந்தச் சுவர்களை ஒட்டிப் பெரிய பெரிய கல்லறைக் கற்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. சில போர்த்துக்கீசிய மொழியில், சில டச்சு மொழியில், சில லத்தீனில். மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கற்களைப் பார்த்துச் சின்னவள் பயந்தாள். "பயப்படாதே. எல்லாரும் ஒருநாள் இறந்து போகிறவர்கள் என்று சொல்லும் அடையாளம் அது" என்றேன்.

ஒரு கல்லின் முன் நான் சற்று நின்றேன். ஜப்பான் நாட்டின் இரண்டாவது பிஷப்பான பேதுரு என்பவரின் கல் அது. 1598ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சிங்கப்பூர் நீரிணையில் இறந்தார் என்று அதில் பொறித்திருக்கிறது. நம் ஜொகூரின் தெற்குக் கரையை ஒட்டிய கடல். கப்பலில் போகும் வழியில் இறந்துவிட்டார். இங்கே கொண்டுவந்து புதைத்துக் கல் வைத்திருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை ஒரு திண்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்: "நானூறு வருசத்துக்கு மேலே ஆச்சு. கடல்லே செத்தவருக்குக் கல்லு இருக்கு, பேரு இருக்கு, மாசம் கூட இருக்கு. உங்க தாத்தாவைப் பொதச்ச இடம் எதுன்னு உங்கப்பனுக்கே தெரியாது."

யாரும் ஒன்றும் பேசவில்லை. அத்தைக்குத் திருமணமாகி வாழ்ந்த தோட்டம் வேறு. அங்கேதான் மாமா இறந்தார். ஓடையோரம் இருந்த இடுகாட்டில் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு செம்பருத்திக் கொம்பை ஊன்றினார்கள். பிறகு அந்தத் தோட்டம் கைமாறியது. பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயங்களை உடைத்தார்கள். குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. ஒரு கருமாதி நாளில் அத்தை அங்கே போய்ப் பார்த்தபோது ஓடையும் இல்லை, செம்பருத்தியும் இல்லை. வரிசையாகச் செம்பனைதான் நின்றது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதை இருக்கும். காட்டை அழித்து, மலேரியாவில் படுத்து, பால் மரத்தை வளர்த்தவர்கள் நம் முன்னோர்கள். அவர்கள் வெட்டிய பாலில் இந்த நாட்டில் சாலை வந்தது, ரயில் வந்தது. ஆனால் அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பிறகு நாங்கள் கீழே இறங்கிச் சிவப்புக் கோயிலுக்குள் போனோம். அது இன்றும் வழிபாடு நடக்கும் இடம். ஆகையால் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வரச் சொன்னோம். தரையில் பதித்த கல்லறைக் கற்களில் சில, ஆர்மீனிய வணிகர்களுடையவை. அந்த எழுத்தை எங்களில் யாராலும் படிக்க முடியவில்லை. ஆனால் அத்தான் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இளமையில் மரம் வெட்டும் வேலை செய்தவர். "இந்த உத்தரம் ஒவ்வொண்ணும் ஒரே மரம். ஒட்டே இல்லை" என்றார். அவர் சொன்னது சரி. ஏறக்குறைய 48 அடி நீளமுள்ள உத்தரங்கள். ஒவ்வொன்றும் ஒரே மரத்திலிருந்து செதுக்கியது. அத்தான் மீண்டும் மேலே பார்த்து, "இதை யார் அவ்வளவு உசரத்துக்குத் தூக்கி வச்சது?" என்று கேட்டார்.

சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, மூணாவது கேள்வி!" என்றாள்.

ஆம், மூன்றாவது கேள்வி அதுதான். கட்டச் சொன்னவரின் பெயர் எழுதி வைக்கப்பட்டது. சுமந்தவரின் பெயர் எழுதப்படவில்லை. எழுதி வைத்தவர் பெயர் நின்றது. எழுதாதவர் பெயர் போய்விட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்? நாமே எழுதத் தொடங்க வேண்டும்.

மதியம் ஆற்றங்கரை நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பிறகு ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போனோம். அங்கே பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. 1781இல் மலாக்காச் செட்டிகள் எழுப்பியது. அவர்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். வீட்டில் பேசுவது மலாய், வழிபடுவது சைவ முறை. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளிச் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன. அத்தைக்கு விநாயகரைக் கண்டதும் முழங்கால் வலி போய்விட்டது. அடுத்த வீட்டு அம்மாள் வாசலில் அவருக்காகச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். 2008ஆம் ஆண்டு மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்கள் என்று யுனெஸ்கோ அறிவித்தது. பல சமயத்தாரும் பக்கம் பக்கமாக வாழ்ந்த தடம் அழியாமல் இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. பிள்ளைகள் வேனில் தூங்கிவிட்டார்கள். மறுநாள் காலை பெரியவன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் முன்னால் உட்கார்ந்தான். "தாத்தா பேரு என்ன பாட்டி? எந்த ஊரு? எந்தக் கப்பல்லே வந்தாங்க?" என்று கேட்டான். அத்தை முதலில் வெட்கப்பட்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். மாமாவின் தகப்பனார் வந்தது ரஜூலா கப்பல். அதில் ஏறியது நாகப்பட்டினத்தில். பினாங்கில் இறங்கினார்கள். கங்காணி அழைத்து வந்தார். முதல் தோட்டம் எது, இரண்டாவது எது, பிறந்த பிள்ளைகள் எத்தனை, தங்கியவை எத்தனை. மாமா இறந்தது தைப்பூசத்துக்கு மறுநாள். எல்லாம் அத்தையின் மனத்தில் இருந்தது. இத்தனை ஆண்டும் கேட்பார் இல்லை. மூன்று நாள் எழுதினான். பரண் மேலிருந்து மாமாவின் பால்வெட்டுக் கத்தி, ஒரு பீங்கான் மங்கு, காண்டா விளக்கு மூன்றும் கீழே இறங்கின. அக்காள் அவற்றைத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் சின்னவள் சீட்டு எழுதி ஒட்டினாள். யார் செய்தது, எதற்காக, உழைத்த கை யாருடையது என்று மூன்று வரி. மூன்றாவது வரியில் மட்டும் ஒவ்வொரு சீட்டிலும் தாத்தாவின் பெயர்.

அந்த வீட்டு அலமாரியும் ஓர் அரும்பொருளகம்தான், நேயர்களே.

நீங்களும் இப்படி ஒரு பயணம் போக விரும்பினால் சில யோசனைகள் சொல்கிறேன். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போங்கள். செலவு குறையும், பேச்சும் கூடும். போகும் முன் பிள்ளைகளின் வரலாற்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்காதீர்கள். நான்கு இடம் போதும். நின்று பாருங்கள். குன்றுப் படிகளில் ஏறக் காலை வேளைதான் நல்லது. வெயில் ஏறிவிட்டால் முதியவர்களுக்குச் சிரமம். மற்றவர் வழிபடும் இடத்தில் நம் வழிபாட்டு இடத்தில் நடப்பது போலவே நடந்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள முதியவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்கள் பயணத்தில் மிகப் பெரிய பாடத்தைச் சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாத அத்தைதான்.

திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்களின் பெயர், பிறந்த ஊர், வந்த ஆண்டு, வேலை செய்த தோட்டங்கள், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். தேதி நினைவில்லையென்றால் தீபாவளிக்கு முன், தைப்பூசத்துக்குப் பின் என்றாவது எழுதுங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், அடையாளக் கார்டு, பழைய சம்பளச் சீட்டு எதையும் எறியாதீர்கள். கறையான் எட்டாத தகரப் பெட்டியில் வைத்து, நகலும் எடுத்து வையுங்கள். ஒரு தாள் தொலைந்ததால் பேரப் பிள்ளையின் குடியுரிமைக்கு அலைகின்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தோட்டத்துக் கோயில், மாதா கோயில், பள்ளி, லயம், இடுகாடு இவை இருக்கும்போதே படம் எடுத்து, அடியில் இடத்தின் பெயரை எழுதுங்கள். நாளைக்கு எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அத்தையும் அந்தச் செம்பருத்தியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

கல் வைக்க வசதி இல்லாமல் போகலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க எல்லாராலும் முடியும். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேளுங்கள்.